பல் மருத்துவமா, பொது மருத்துவமா? முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டியவை

மருத்துவம் படிப்பதா, பல் மருத்துவம் படிப்பதா என்ற பேச்சு பெரும்பாலும் மதிப்பெண்ணில் தொடங்கி மரியாதையில் முடிந்துவிடுகிறது. நாற்பது வயதில், ஒரு சாதாரண வேலை நாளில், காலை பத்து மணிக்கு நீங்கள் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. முடிவு அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

இரண்டு படிப்புக்கும் உள்ள பெரிய வித்தியாசமாக எனக்குப் படுவது இது: பல் மருத்துவத்தில் சேரும் அன்றே உங்கள் வேலையின் களம் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. மருத்துவத்தில் அந்த முடிவு ஐந்தாறு வருடம் தள்ளிப்போகிறது. முதலாவதைத் தேர்ந்தெடுக்கிறவர் ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்கிறார். இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறவர், பின்னால் இன்னொரு முறை தேர்ந்தெடுக்கும் உரிமையை வாங்கிக்கொள்கிறார். அந்த உரிமைக்கு விலை, வருடங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றை உங்கள் விஷயத்தில் எடைபோடுவதற்குத்தான்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விடுங்கள்

"பல் டாக்டருக்கு உடம்பைப் பற்றித் தெரியத் தேவையில்லை" என்று நினைக்கிறவர்கள் நிறைய. பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், அப்புறம் நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல் எல்லாம் இரண்டு பக்கமும் உண்டு. பல் மருத்துவ மாணவர்கள் பொது மருத்துவத்தையும் பொது அறுவை சிகிச்சையையும்கூட ஓரளவு படிக்கிறார்கள். தலை, கழுத்து நரம்புகளை மற்ற மாணவர்களைவிட ஆழமாகவே படிக்கிறார்கள்.

இரண்டும் தனித்தனித் தொழிலானது வரலாற்றின் போக்கில் நடந்தது. பல் மருத்துவத்துக்கென்று தனிக் கல்லூரி முதன்முதலில் 1840-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் தொடங்கியது. இத்தாலியில் 1980 வரை பல் மருத்துவத்துக்குத் தனிப் பட்டம் கிடையாது. மருத்துவம் படித்துவிட்டுத்தான் பல் பக்கம் போக வேண்டும். அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து என்ற விஷயத்தையே உலகத்துக்குக் காட்டியவர்கள் இரண்டு பல் மருத்துவர்கள்: 1844-இல் சிரிப்பு வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடைப் பயன்படுத்திய ஹொரஸ் வெல்ஸ், 1846-இல் பாஸ்டனில் ஈதரைக் கொண்டு செய்துகாட்டிய வில்லியம் மார்ட்டன்.

இன்றைய வேலையிலும் உடம்பு விலகியிருப்பதில்லை. கீழ்க் கடைவாய்ப் பல்லில் தொடங்கிய சீழ், நாக்கின் அடிப்பகுதிக்குப் பரவி மூச்சுக்குழாயை அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணைப் பார்த்துப் புற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டியவர் பல சமயம் பல் மருத்துவர்தான். சர்க்கரை நோய் ஈறு நோயைக் கூட்டும். ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுப்படுத்த விடாது. ஆகவே உடம்பைப் பற்றிப் படிக்கப் பிடிக்காதவருக்கு இரண்டுமே பொருந்தாது. உயிரியல் சலிப்பாக இருக்கிறது, ஆனால் கைவேலை பிடிக்கும் என்றால், வேறு தொழில்களையும் பார்ப்பது நல்லது.

படி 1: ஒரு நாள் முழுக்கக் கூடவே இருந்து பாருங்கள்

இந்த ஒரு படியைச் செய்யாமல் மற்றதையெல்லாம் செய்து பயனில்லை. அனுமதி வாங்கி, ஒரு பல் மருத்துவருடன் முழு வேலை நாளும், மருத்துவர்களில் குறைந்தது மூன்று வெவ்வேறு துறைக்காரர்களுடன் ஆளுக்கொரு நாளும் இருந்து பாருங்கள். மருத்துவம் ஒரே வேலை அல்ல என்பதால்தான் மூன்று பேர். நுண்ணோக்கியில் திசுக்களைப் பார்க்கும் நோயியல் நிபுணரும், மணிக்கணக்கில் பேச்சைக் கேட்கும் மனநல மருத்துவரும், எலும்பில் ஸ்க்ரூ முடுக்கும் எலும்பு மருத்துவரும் ஒரே பட்டத்தில் தொடங்கியவர்கள்.

பல் மருத்துவரின் பக்கத்தில் என்ன பார்ப்பீர்கள்? மேல் தாடையின் முதல் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் (வேருக்குள் ஓடும் நுண்ணிய கால்வாய்களைச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை) என்று வைத்துக்கொள்வோம். பொதுவாக மூன்று வேர், பெரும்பாலும் நான்கு கால்வாய்கள். அந்த நான்காவது கால்வாயின் வாய் எளிதில் கண்ணில் படாது. தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மேல் பல் என்பதால் பெரும்பாலும் நேராகப் பார்க்க முடியாது. சின்னக் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே கையை நகர்த்த வேண்டும். உள்ளே விடும் 10-ஆம் எண் ஃபைலின் (ஊசி போன்ற சின்ன அரம்) நுனித் தடிமன் 0.10 மில்லிமீட்டர். வேரின் நுனிவரை சுத்தம் செய்ய வேண்டும், நுனியைத் தாண்டிவிடவும் கூடாது. இதற்கிடையில் எச்சில் ஊறும், நாக்கு குறுக்கே வரும், திறந்தே இருக்கும் தாடை வலிக்கும். நாற்காலியில் இருப்பவர் முழு விழிப்போடும் பயத்தோடும் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு மணி நேரம் இப்படிப் போகும். முடிந்ததும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் உங்கள் வேலை எப்படி என்பது வெள்ளைக் கோடாக அப்போதே தெரிந்துவிடும். அடுத்த ஆள் உள்ளே வருவார்.

இன்னொரு பக்கம், அவசர சிகிச்சைப் பிரிவு. நெஞ்சு வலி என்று ஒருவர் வருகிறார். முதல் இசிஜி இயல்பாக இருக்கிறது. அதற்காக மாரடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதத்தைப் பார்க்க ரத்தம் எடுக்கிறார்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிட வேண்டும். அதுவரை இது இதயமா, நுரையீரலில் ரத்தக்கட்டா, வயிற்று அமிலமா, தசை வலியா என்று ஒவ்வொன்றாக மனதில் வைத்து எடைபோட வேண்டும். அதே நேரத்தில் இன்னும் நான்கு பேர் காத்திருப்பார்கள். உறவினர்கள் "என்ன டாக்டர் ஆச்சு?" என்று கேட்பார்கள், உறுதியான பதில் கையில் இருக்காது. பணி நேரம் முடிந்ததும் நோயாளியை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். கடைசியில் அவருக்கு என்ன ஆனது என்பது உங்களுக்குத் தெரியாமலே போகலாம்.

இரண்டில் எதைப் பார்க்கும்போது உங்களுக்கு நேரம் போனதே தெரியவில்லை என்று கவனியுங்கள். ரத்தம் பார்த்தால் தலைசுற்றுகிறதா என்பதை இப்போதே பெரிதுபடுத்த வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு அது பழகிவிடும். ஒருவரின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் நாள் முழுக்க முகத்தை வைத்திருப்பது, நிச்சயமில்லாத நிலையில் முடிவெடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவது, இந்த இரண்டில் உங்களுக்கு எது முடியும் என்பதுதான் முக்கியம்.

கேள்வி கேட்கும்போது "இந்தத் தொழில் நல்லதா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் அன்றைய மனநிலைக்கு ஏற்பப் பதில் சொல்வார்கள். "நேற்று காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். "இதில் உங்களுக்குச் சலிப்பூட்டும் வேலை எது? அது வாரத்தில் எவ்வளவு நேரம்?" என்றும் கேளுங்கள்.

படி 2: கையைச் சோதியுங்கள்

பல் மருத்துவ மாணவர்கள் தொடக்க வருடங்களிலேயே மெழுகுக் கட்டியைச் செதுக்கிப் பல் செய்கிறார்கள். ஒவ்வொரு பல்லின் மேடு, பள்ளம், வளைவு எல்லாம் அளவோடு வர வேண்டும். அப்புறம் பொம்மைத் தலையில் பொருத்திய பிளாஸ்டிக் பல்லில் துளையிட்டு அடைக்கப் பழகுகிறார்கள். அதற்குப் பிறகுதான் ஆட்கள். பட்டம் வாங்குவதற்குள் பல் பிடுங்குவது, அடைப்பது, ரூட் கெனால், முழுப் பல்செட் கட்டுவது என்று குறிப்பிட்ட எண்ணிக்கையில் தன் கையாலேயே முடித்துக் காட்ட வேண்டிய கல்லூரிகள் பல. மருத்துவ மாணவர் அதே காலத்தில் பெரும்பாலும் வார்டில் நோயாளியிடம் விவரம் கேட்டு, பரிசோதித்து, ஆசிரியர் முன் விளக்கிக்கொண்டிருப்பார். சிகிச்சைப் பொறுப்பு அவர் கைக்கு முழுதாக வருவது பட்டத்தின் கடைசியிலோ அதற்குப் பின்போதான்.

வீட்டிலேயே செய்து பார்க்க இரண்டு பயிற்சிகள். ஒன்று, சோப்புக் கட்டியை எடுத்து ஒரு கடைவாய்ப் பல்லின் படத்தைப் பார்த்துச் செதுக்குங்கள். இரண்டு, ஒரு தாளில் நட்சத்திரம் வரைந்து, கையை நேராகப் பார்க்காதபடி மறைத்துவிட்டு, எதிரே வைத்த கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி அதன் கோட்டின் மேலேயே பென்சிலை ஓட்டுங்கள். முதல் தடவை எல்லாருக்கும் கோணலாகத்தான் வரும். கைத்திறன் பழகப் பழக வரும். அதனால் எவ்வளவு நன்றாக வந்தது என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சரியாக வராதபோது இன்னொரு தடவை செய்து பார்க்கத் தோன்றியதா, தூக்கிப் போடத் தோன்றியதா? முதலாவது என்றால் நல்ல அறிகுறி.

இடதுகைப் பழக்கம் தடை அல்ல. நாற்காலியையும் கருவிகளையும் மாற்றி அமைத்துக்கொள்ளலாம். கையில் நிரந்தர நடுக்கமோ மூட்டு நோயோ இருந்தால், சேருவதற்கு முன்பே மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். மருத்துவத்தில் கையை அதிகம் நம்பாத துறைகள் பல உண்டு. பல் மருத்துவத்தில் அப்படிப்பட்டவை குறைவு.

படி 3: வருடக் கணக்கைத் தாளில் போடுங்கள்

பட்டப் படிப்பின் காலத்தை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். இந்தியாவில் எம்பிபிஎஸ் நாலரை வருடமும் ஒரு வருடப் பயிற்சியும், பல் மருத்துவப் பட்டமான பிடிஎஸ் நான்கு வருடமும் ஒரு வருடப் பயிற்சியும். பிரிட்டனில் பல் மருத்துவம் வழக்கமாக 5 வருடம், மருத்துவம் 5 அல்லது 6. அமெரிக்காவில் இரண்டுக்குமே முதலில் ஒரு பட்டம், அதன் மேல் 4 வருடம். பார்க்க ஏறக்குறைய ஒன்றுதான்.

வித்தியாசம் அதற்குப் பிறகு வருகிறது. பல் மருத்துவப் பட்டம் முடித்தவர், உரிமம் பெற்றபின், அந்தப் பட்டத்தை வைத்தே முழு வாழ்க்கையும் தொழில் செய்யலாம். உலகெங்கும் பெரும்பாலான பல் மருத்துவர்கள் அப்படிப் பொதுப் பல் மருத்துவர்களாகத்தான் இருக்கிறார்கள். மருத்துவப் பட்டம் மட்டும் வைத்துத் தனியாகத் தொழில் செய்ய முடிகிற நாடுகள் உண்டு, முடியாத நாடுகளும் உண்டு. முடிகிற இடத்திலும் மேற்படிப்பு இல்லாவிட்டால் வாய்ப்புகள் சுருங்கிவிடும். அமெரிக்காவில் குடும்ப மருத்துவத்துக்கு மேலும் 3 வருடம், நரம்பியல் அறுவை சிகிச்சைக்கு 7 வருடம்.

ஆகவே ஒரு தாளில் இப்போதைய வயதை எழுதி, நீங்கள் நினைக்கும் பாதையின் ஒவ்வொரு கட்டத்தையும் வயதோடு எழுதுங்கள். சொந்தமாகச் சம்பாதிக்கத் தொடங்கும் வயது, கடன் இருந்தால் அடைந்து முடியும் வயது, குடும்பத்தில் உங்களை நம்பி இருப்பவர்களின் அப்போதைய வயது. நுழைவுத் தேர்வில் ஒரு வருடம், மேற்படிப்பு இடத்துக்காக ஒரு வருடம் என்று தாமதத்துக்கும் இடம் விட்டு எழுதுங்கள். தாளில் பார்த்த பிறகும் "பரவாயில்லை, இது எனக்கு வேண்டும்" என்று தோன்றினால், மருத்துவத்தின் நீளம் உங்களுக்குத் தடையாக இருக்காது.

படி 4: பின்னால் எவ்வளவு மாற முடியும்?

பல் மருத்துவத்திலும் சிறப்புத் துறைகள் உண்டு. பல் வரிசையைச் சீராக்கக் கிளிப் போடுவது, ரூட் கெனால், ஈறு சிகிச்சை, செயற்கைப் பல், குழந்தைகளுக்கான பல் மருத்துவம், வாய் நோய்க்கூறியல், முகத் தாடை அறுவை சிகிச்சை என்று போகும். அமெரிக்காவில் இப்போது 12 சிறப்புத் துறைகளை அங்கீகரித்திருக்கிறார்கள். ஆனால் நோய்க்கூறியல், கதிரியக்கம் போன்ற சிலவற்றை விட்டால், எல்லாமே வாயைச் சுற்றியும் கையை நம்பியும் நடக்கிற வேலை.

மருத்துவத்தில் பரப்பு அதிகம். ஆனால் விரும்பிய துறை கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. இதய நிபுணராக வேண்டும் என்ற ஒரே கனவோடு சேருகிறவருக்கு, அந்த இடத்துக்கு இன்னும் இரண்டு மூன்று போட்டிகள் பாக்கி இருக்கின்றன. எனக்குத் தெரிந்த நல்ல சோதனை இது: மருத்துவத்தில் உங்களுக்கு மிகப் பிடித்த துறை கிடைக்கவே கிடைக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, நான்காவது விருப்பத்திலும் மனநிறைவோடு வேலை செய்வீர்களா? ஆம் என்றால் மருத்துவம் பொருந்தும். இல்லை என்றால் நீங்கள் விரும்புவது ஒரு துறையை மட்டும்தான். அதற்கான வாய்ப்பை நிதானமாக விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

அறுவை சிகிச்சையில் ஆசை, பல் மருத்துவத்திலும் ஆசை என்றால் முகத் தாடை அறுவை சிகிச்சையை விசாரிக்கலாம். விபத்தில் நொறுங்கிய தாடை, வாய்ப் புற்றுநோய், பிறவியிலேயே பிளந்த உதடும் அண்ணமும் இதன் எல்லைக்குள் வரும். பாதை நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் இதற்குப் பல் மருத்துவம், மருத்துவம் இரண்டு பட்டமும் வேண்டும். அமெரிக்காவில் 4 வருடப் பயிற்சியும் உண்டு, மருத்துவப் பட்டத்தோடு சேர்ந்த 6 வருடப் பயிற்சியும் உண்டு. இந்தியாவில் பிடிஎஸ்ஸுக்குப் பின் 3 வருட எம்டிஎஸ் மேற்படிப்பு.

படி 5: பணம் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள்

எவ்வளவு வரும் என்பது நாட்டைப் பொறுத்தது, ஊரைப் பொறுத்தது. எந்த வழியாக வருகிறது என்பது மட்டும் பெரும்பாலும் எங்கும் ஒன்றே. மருத்துவருக்கு மருத்துவமனை என்ற பெரிய அமைப்பு இருக்கிறது. கருவிகள் அவர்களுடையவை, சம்பளம் மாதாமாதம் வரும். பல் மருத்துவத்தில் பெரும்பங்கு தனியார் கிளினிக்குகளில் நடக்கிறது. சொந்தமாகத் தொடங்கினால் டென்டல் சேர், காற்றழுத்தம் தரும் கம்ப்ரெசர், கருவிகளின் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ், எக்ஸ்ரே கருவி எல்லாம் முதல் நோயாளி வருவதற்கு முன்பே வாங்கி வைத்தாக வேண்டும். கம்ப்ரெசர் பழுதானால் பல்லைத் துளையிடும் ஹேண்ட்பீஸ் சுற்றாது. அன்றைய வேலையே நின்றுவிடும். கேப், பல்செட் செய்து தரும் லேபுக்குப் பணம், உதவியாளர் சம்பளம், வாடகை, இதெல்லாம் உங்கள் தலையில்.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் சேர்ந்த பிறகுதான் உணர்கிறார்கள். பல நாடுகளில் பொதுக் காப்பீடு உடம்புக்குச் செலவழிக்கிற அளவுக்குப் பல்லுக்குச் செலவழிப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் பொதுக் காப்பீடான மெடிகேர் பெரும்பாலான பல் சிகிச்சையைச் சேர்த்துக்கொள்வதில்லை. கனடாவில் தேசிய அளவிலான பல் நலத் திட்டம் அண்மையில்தான் வந்தது. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் 1950-களின் தொடக்கத்திலேயே பல்லுக்குக் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. இதன் விளைவு நாற்காலியின் பக்கத்தில் தெரியும். "இந்தப் பல்லைக் காப்பாற்றலாம், இவ்வளவு ஆகும், பிடுங்கினால் இவ்வளவுதான்" என்று நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். காப்பாற்றக்கூடிய பல்லை, பணம் இல்லை என்பதற்காகப் பிடுங்க வேண்டிய நாளும் வரும். விலையைக் கூச்சமில்லாமலும் நேர்மையாகவும் பேச வராதவர்களுக்கு இது கடினம். இந்தத் திறமை பழகி வரக்கூடியதுதான். ஆனால் இது வேலையின் பகுதி என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

படி 6: நாடு மாறும் எண்ணம் உண்டா?

உண்டு என்றால் சேரும் முன்பே விதிகளைப் படியுங்கள். வேறு நாட்டில் மருத்துவம் படித்தவர் அமெரிக்கா போக யுஎஸ்எம்எல்இ என்ற உரிமத் தேர்வுகள் எழுதி, பெரும்பாலும் அங்கே மறுபடி பயிற்சி மருத்துவராகச் சேர வேண்டும். வேறு நாட்டில் பல் மருத்துவம் படித்தவர் பெரும்பாலும் அங்குள்ள பல் மருத்துவக் கல்லூரியிலேயே இரண்டு மூன்று வருடம் கட்டணம் கட்டி மறுபடி படிக்க வேண்டியிருக்கும். முதலாமவருக்கு அந்த வருடங்களில் சம்பளம் வரும், இரண்டாமவருக்குச் செலவாகும். பல் மருத்துவர்களுக்கு பிரிட்டனில் ஓஆர்இ என்ற தேர்வு, ஆஸ்திரேலியாவில் ஏடிசி, கனடாவில் என்டிஇபி என்ற அமைப்புகள் நடத்தும் தனித் தேர்வுகள். இவற்றில் எழுத்துத் தேர்வோடு செய்முறையும் உண்டு. விதிகள் அடிக்கடி மாறும் என்பதால் அந்தந்த உரிம அமைப்பின் இணையதளத்தில் நேரடியாகப் பாருங்கள், முகவர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

படி 7: உடம்பும் தூக்கமும்

மருத்துவப் பயிற்சிக் காலம் தூக்கத்தைத் தின்னும். அமெரிக்காவில் 2003-இல்தான் பயிற்சி மருத்துவர்களுக்கு நாடு முழுவதும் வாரத்துக்குச் சராசரி 80 மணி நேரம் என்ற உச்சவரம்பு வந்தது. ஐரோப்பிய ஒன்றிய விதி 48 மணி நேரம். மரணத்தை அடிக்கடி பார்க்க வேண்டும். அதை வீட்டாரிடம் சொல்லும் பொறுப்பும் உங்களுக்கு வரும்.

பல் மருத்துவரின் இரவுகள் பெரும்பாலும் அவருக்கே சொந்தம். பகலில் கழுத்தும் இடுப்பும் விலை கொடுக்கின்றன. குனிந்தே வேலை செய்யும் பழக்கம் முப்பதுகளிலேயே வலியாக வந்து நிற்பது இந்தத் தொழிலில் சகஜம். நிமிர்ந்து உட்கார்ந்து பார்க்க உதவும், பெரிதாக்கிக் காட்டும் லூப்ஸ் கண்ணாடி, சரியான ஸ்டூல், முதல் வருடத்திலிருந்தே உட்காரும் முறை, இதையெல்லாம் ஆரம்பத்திலேயே கவனிக்கிறவர்கள் தப்பிக்கிறார்கள். தனிமையும் ஒரு விஷயம். வார்டில் பேச, சந்தேகம் கேட்க பத்துப் பேர் இருப்பார்கள். தனிக் கிளினிக்கில் பல நாட்கள் நீங்களும் உதவியாளரும் மட்டும்தான்.

"மருத்துவம் கிடைக்கவில்லை, அதனால் பல் மருத்துவம்" என்றால்

இந்த நிலையில் இருப்பவர்கள் நிறைய. இவர்களிடம் "எதையும் பிடித்துச் செய்தால் பிடித்துவிடும்" என்று சொல்லி அனுப்புவது நியாயமல்ல. முதல் படியைச் செய்துவிட்டு யோசியுங்கள். பல் மருத்துவரோடு இருந்த நாள் உங்களுக்கு உண்மையில் பிடித்திருந்தால், பட்டியலில் அது எத்தனையாவது விருப்பமாக இருந்தது என்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சேருங்கள். பிடிக்கவில்லை, மருத்துவம்தான் வேண்டும் என்றால், இன்னொரு முறை தேர்வு எழுதுவது ஒரு வழி. மதிப்பெண் எவ்வளவு குறைந்தது, எந்தப் பாடத்தில் குறைந்தது, இந்தத் தடவை எதை மாற்றிப் படிப்பீர்கள் என்று மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தால் மட்டும் எழுதுங்கள். "இன்னும் கடினமாகப் படிப்பேன்" என்பது பதில் ஆகாது.

"பல் மருத்துவத்தில் சேர்ந்துவிட்டு அப்புறம் மருத்துவத்துக்கு மாறிக்கொள்ளலாம்" என்ற யோசனையை மட்டும் நம்பிச் சேராதீர்கள். பிரிட்டனில் பட்டதாரிகளுக்கு 4 வருட மருத்துவப் படிப்பு இருக்கிறது. ஆனால் அந்த இடங்களுக்குப் போட்டி கடுமை. பல இடங்களில் முதல் வருடத்திலிருந்தேதான் தொடங்க வேண்டும்.

வீட்டில் பேசும்போது

பெற்றோரின் கவலை பெரும்பாலும் மூன்று: மரியாதை, வருமானம், பாதுகாப்பு. படி 3-இல் போட்ட தாளையும் படி 5-இல் விசாரித்ததையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். கூடவே இருந்து பார்த்த நாட்களில் கண்டதைச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த மருத்துவரோடு அவர்களையும் பேச வையுங்கள். மரியாதையைப் பற்றி வாதாட வேண்டாம். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி வாய் நோய்கள் சுமார் 350 கோடிப் பேரைப் பாதிக்கின்றன. இந்த வேலைக்குத் தேவை குறையப்போவதில்லை என்பதைச் சொன்னால் போதும்.

சேர்ந்த பிறகு தவறாகிவிட்டதோ என்று தோன்றினால், முதல் வருடத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். முதல் வருடம் இரண்டு படிப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதில் மனப்பாடமும் தேர்வும்தான் அதிகம், தொழிலின் வாசனை குறைவு. பல் மருத்துவ மாணவர் பொம்மைத் தலையில் துளையிடத் தொடங்கிய பிறகு, மருத்துவ மாணவர் வார்டில் நோயாளியிடம் பேசத் தொடங்கிய பிறகு, இரண்டு மூன்று மாதம் கவனியுங்கள். அப்போதும் காலையில் போக மனமே வரவில்லை என்றால், கல்லூரியில் நம்பிக்கையான ஒரு ஆசிரியரிடம் முதலில் பேசுங்கள். படிப்பு பிடிக்கவில்லையா, அந்தச் சூழல் பிடிக்கவில்லையா என்பதைப் பிரித்துப் பார்க்க அவரால் உதவ முடியும். விலகுவதாக இருந்தால், கட்டணம் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதியையும் அடுத்த நுழைவுத் தேர்வுக்கான விண்ணப்பத் தேதியையும் பார்த்துக்கொண்டு, அதற்குள் முடிவெடுங்கள்.